தறியில் கோத்திருந்த ஸ்கேன்

"பழைய ஸ்கேன் ஏதாவது இருக்காம்மா?" என்று மருத்துவர் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு விடை தெரிந்திருந்தது. பழைய ஸ்கேன் இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியின் மேல், கரையில் உருவம் விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியிலிருந்து தொங்கும் அட்டைச் சரத்தில், பதினோரு துண்டுகளாக இருந்தது. அதை வெட்டியவள் நான்.

அம்மாவுக்கு மூன்று வாரமாக இருமல். கஷாயம், மருந்துக்கடை மாத்திரை எல்லாம் முடிந்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிகிறது என்று சொல்லி ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் அறிக்கையை வாங்க நான் மட்டும்தான் போயிருந்தேன். வாசலில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். வலது நுரையீரலின் மேல்பகுதியில் பதினோரு மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு. ஓரம் முழுக்கச் சீராக இல்லை. சுண்ணாம்புப் படிவு காணப்படவில்லை. தன்மையைத் தீர்மானிக்க இயலவில்லை. ஆங்கிலத்தில் நான்கே வரி. ஒரு வரியை அதன் சொற்கள் அனுமதிப்பதற்கு மேல் வாசிக்கக் கூடாது என்பது கல்லூரித் தமிழ் வகுப்பில் நான் கற்ற ஒழுக்கம். அந்தப் பெஞ்சில் அது எனக்குக் கைகொடுக்கவில்லை. 'இயலவில்லை' என்ற ஒரு சொல்லை எத்தனை விதமாக வாசிக்க முடியுமோ அத்தனை விதமாகவும் வாசித்தேன்.

வீட்டுக்கு வந்து, "சின்னதா ஒரு முடிச்சாம்மா. நெஞ்சு டாக்டரப் பாக்கச் சொல்லிக்கீறாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"முடிச்சு போடுறதுதானே நம்ம வேல" என்றாள் அம்மா. அப்பா சிரிக்கவில்லை.

நெஞ்சு மருத்துவர் நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண். கணினித் திரையில் அம்மாவின் நெஞ்சை மேலிருந்து கீழாக உருட்டி உருட்டிக் காட்டினார். கறுப்பு வயலில் வெள்ளைக் கிளைகள் தோன்றி மறைந்தன. ஓரிடத்தில் நிறுத்தி, பேனா முனையால் ஒரு வெள்ளைப் புள்ளியைத் தொட்டார்.

"புத்துநோயாம்மா?" என்று அம்மா கேட்டாள். எங்கள் மூவரில் அந்தச் சொல்லை முதலில் சொன்னவள் அவள்தான்.

"தெரியலம்மா. ஒளிக்காம சொல்றேன், தெரியல" என்றார் மருத்துவர். "சில கட்டி ஸ்கேன்லயே தன்னைப் பத்தி சொல்லிடும். ஓரம் மழமழன்னு இருக்கும். உள்ள சுண்ணாம்பு தட்டியிருக்கும், இல்லன்னா கொழுப்பு தெரியும். அப்படி இருந்தா பயப்படாதீங்கன்னு வீட்டுக்கு அனுப்பிடுவேன். இன்னும் சிலது சுத்திலும் முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கும். அதைப் பார்த்தா யோசிக்கவே மாட்டேன், ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்துடுவேன். உங்களது ரெண்டுலயும் சேரல. ஓரம் கொஞ்சம் மேடும் பள்ளமுமா இருக்கு, முள்ளுன்னு சொல்ல முடியல. சுண்ணாம்பும் இல்ல."

"அப்போ ஊசியா?"

"வர்ற திங்கக்கிழமைக்கு மெட்ராஸ்ல சொல்லி வைக்கிறேன்."

அம்மா முந்தானையை விரலில் சுற்றினாள். "ஊசி குத்தினா அது கெளம்பி ஒடம்பு பூரா போயிடும்னு சொல்றாங்களே."

"யாரு சொல்றாங்க?"

"எங்க தெருவுல."

"உங்க தெருவுல எத்தனை டாக்டர் இருக்காங்கம்மா?"

"ஒருத்தரும் இல்ல. அதான் பயமா இருக்குது."

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஊசியால பரவும்னு பயப்படாதீங்க. எனக்கு வேற யோசனை. கட்டி ரத்தக் குழாய்க்குப் பக்கத்துல இருக்கு. குத்தும்போது ரத்தம் கசியலாம், காத்து இறங்கி நுரையீரல் சுருங்கலாம். சமாளிச்சுடுவாங்க. ஆனா குத்தாமலே தெரிஞ்சுக்க ஒரு வழி இருந்தா அது நல்லது. இந்த ஒரு படத்தை வெச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் உத்துப் பார்த்தாலும் இதுக்கு மேல ஒண்ணும் சொல்லாது. பக்கத்துல வெச்சுப் பார்க்க இன்னொரு படம் வேணும். ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரே அளவுல இருந்துச்சுன்னா அது பெரும்பாலும் தீங்கில்லாத கட்டி. கெட்டதா இருந்தா அத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருக்காது, வளர்ந்திருக்கும். பழைய ஸ்கேன் ஏதாவது இருக்காம்மா?"

"கொரோனாவுல எடுத்தோம்" என்றாள் அம்மா. "நாலு வருஷம் இருக்கும். ரெண்டு பிலிம்மு." அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"தேடிக் கொண்டுவாங்க. சனிக்கிழமைக்குள்ள வந்தா ஊசியை நிறுத்தலாமான்னு பார்ப்போம். அந்தப் படத்துல இந்த இடம் சுத்தமா இருந்து, இப்போ புதுசா வந்திருக்குன்னா, அப்புறம் நான் ஒரு நாள் கூட காத்திருக்க மாட்டேன்."

அன்று செவ்வாய்க்கிழமை.

வெளியே வந்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அட்டையில கீது" என்றார்.

"தெரியும்ப்பா."

"ஓட்ட போட்டுட்டேனே" என்றார்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மூச்சு வாங்கியபோது எடுத்த ஸ்கேன் அது. அன்றைய அறிக்கையில் கிருமி நுரையீரலை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் ஒரு கையெழுத்தும் மட்டுமே இருந்தன. ஒரே நாளில் எத்தனை நெஞ்சுகளை அங்கே பார்த்தார்களோ, வேறெதையும் எழுத அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. மதிப்பெண் குறைவு. அம்மா வீட்டிலேயே படுத்துத் தேறினாள். அந்த வாரமே ஒரு கோடை மழை. ஓட்டுக்கூரை ஒழுகி, தறிக்கு மேல் தொங்கிய அட்டைச் சரத்தில் ஒரு கொத்து நனைந்தது.

புடவையின் கரையில் மயில் வர வேண்டுமென்றால் அந்த மயில் முதலில் அட்டையில் ஓட்டைகளாக இருக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த அகலத்தில் நீளமான அட்டைகள். குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒருமுறை பாய்வதற்கு ஓர் அட்டை என்று கணக்கு. ஓட்டை இருக்கும் இடத்தில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் எழும், இல்லாத இடத்தில் எழாது. எல்லாவற்றையும் வரிசையாகக் கயிற்றால் கோத்து, சுற்றிச் சுற்றி வரும்படி தறிக்கு மேல் தொங்கவிடுவார்கள். நனைந்து உப்பிய அட்டைகள் மயிலின் கழுத்துக்கு உரியவை. ஊரடங்கில், அட்டைக்கு ஓட்டை அடித்துத் தரும் கடை திறக்க வழியில்லை. தறியில் புடவை பாதியில் நின்றது.

விறைப்பாக, நனையாததாக, அதே நீளத்தில் வீட்டில் என்ன இருக்கிறது என்று அப்பா தேடியபோது பீரோவின் மேலிருந்த ஸ்கேன் உறை கண்ணில் பட்டது. "எடுத்துக்கோங்க, அதான் சரியாப் போச்சே" என்று அம்மாவே சொன்னாள். எனக்குக் கை நேர் என்பதால் வெட்டும் வேலை எனக்கு வந்தது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிலிமிலும் ஆறு வரிசையாகப் படங்கள் இருந்தன. வரிசைகளுக்கு இடையே கறுப்பு இடைவெளி கோடு போட்டதுபோல் ஓடியது. அதன் வழியாகவே வெட்டினேன். படம் கெடக் கூடாது என்ற எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. கோடு நேராக இருந்தது, அவ்வளவுதான். அகலம் ஒரு நூல் கூடுதலாக இருந்ததால், அம்மாவின் பெயரும் எண்களும் அச்சாகியிருந்த ஓரங்களை மேலும் கீழும் சீவி எறிந்தேன். பன்னிரண்டு துண்டுகள் வந்தன. அப்பா நனைந்த அட்டையை மேலே வைத்து, கை அச்சால் ஓட்டைகளைப் பிலிமில் இறக்கினார். பழகுவதற்குள் ஒரு துண்டு கிழிந்து குப்பைக்குப் போனது. மீதி பதினொன்று. கடை திறந்த பிறகும் அவற்றை மாற்றவில்லை. பிலிமுக்கு மழை இல்லை, செல்லரிப்பு இல்லை. "இதுதான் நல்ல அட்டை" என்று அப்பா வருபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலையில் முதல் வேலையாக, அன்று ஸ்கேன் எடுத்த இடத்துக்கு நடந்தேன். அவர்களுடைய கணினியில் படம் இருந்தால் போதுமே என்று ஒரு நப்பாசை. அந்த மாடியில் இப்போது வளையலும் ஸ்டிக்கர் பொட்டும் விற்கும் கடை இருந்தது. "ஸ்கேனா? அவங்க காலி பண்ணி ரொம்ப நாள் ஆச்சிக்கா" என்றாள் கல்லாவில் இருந்த பெண். திரும்பி வந்தபோது அப்பா அட்டைச் சரத்தின் அடியில் பிளேடோடு நின்றார். அம்மா தறியில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருமே. அத்த அவுக்கணும்."

"மயிலு பாதியில நிக்குது. அவுத்தா எந்த அட்டையில விட்டோம்னு யாருக்குத் தெரியும்? மொத அட்டைக்கு வரட்டும், அப்புறம் அவுங்க."

"இன்னாமே, உயிருக்கு மயிலா பெருசு?"

"எனக்கு உயிரு பெருசு இல்லன்னு யாரு சொன்னா? அறுபது அட்டதான் இருக்குது. இத்தினி நேரம் பேசிக்கினு இருந்ததுல பத்து ஓட்டியிருப்பேன். அந்தப் பக்கம் உக்காருங்க, கரை நாடாவ புடிங்க."

சுழற்சி முடியாமல் சரத்தை அவிழ்ப்பதில்லை என்பது எங்கள் வீட்டில் விவாதத்துக்கு உரியதல்ல. அப்பா பிளேடை ஜன்னலில் வைத்துவிட்டு, கரைக்கு நூல் பாய்ச்சும் நாடாவைக் கையில் எடுத்து உட்கார்ந்தார். அம்மா மிதித்தாள். மேலே பெட்டி இறங்கி ஏறியது. 'டக்' என்று ஓர் அட்டை முன்னால் வந்து நின்றது.

அறுபது அட்டைகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்ததால் பொறுக்க முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் வழியே விழும் வெயில் அட்டைகளின் மேல் விழுந்தது. பழுப்பு அட்டைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பிறகு கறுப்பு வந்தது. முதல் பிலிம் துண்டு வெயிலுக்குள் ஏறியதும் அதற்குள் ஐந்து சிறிய நெஞ்சுகள் ஒரே நேரத்தில் ஒளி கொண்டன. எல்லாம் அம்மாவின் நெஞ்சு. விலா எலும்புகள் வளையங்களாக, நடுவே வெள்ளை, இரு பக்கமும் கறுப்பு, அவற்றின் மேல் தாறுமாறாக மிளகளவு ஓட்டைகள். கீழே அதே நெஞ்சு இருமியது. மிதி நின்றது. இருமல் அடங்கியதும் மறுபடி மிதித்தாள், துண்டு நகர்ந்தது. மருத்துவர் தொட்டுக் காட்டிய புள்ளி இந்தப் படங்களின் அளவில் கடுகுக்கு மேல் இருக்காது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடுகை மிளகளவு ஓட்டை முழுதாக விழுங்கிவிடும்.

பதினொன்றையும் எண்ணினேன். மயிலின் கழுத்து கீழே ஜரிகையில் வளைந்து முடிந்தது. பிறகு தலை. பிறகு கொண்டை. "மொத அட்ட" என்று அம்மா சொன்னதும் அப்பா எழுந்து பிளேடை எடுத்தார்.

கயிற்றை அறுத்து, துண்டுகளை வரிசை மாறாமல் என் கையில் கொடுத்தார். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து, முதுகெலும்பு கீழே இருக்குமாறு ஒவ்வொன்றாக டேப்பால் ஒட்டினேன். பக்கத்தில், அறிக்கையோடு வந்த புதிய பிலிமை ஒட்டினேன். மருத்துவர் காட்டிய படத்தை அதில் ஸ்கெட்ச் பேனாவால் ஏற்கெனவே வட்டமிட்டிருந்தேன். அந்தப் படத்தின் நடுவில் ஒரு வெள்ளை வளைவு, கொக்கிபோல் சாய்ந்து கிடந்தது. பழைய துண்டுகளில் அதே வளைவு இருக்கும் படத்தைத் தேடினேன். மூன்றாவது துண்டில் இருந்தது. அதன் இடப்பக்கம், புதிய பிலிமில் புள்ளி இருந்த அதே இடத்தில் பார்த்தேன்.

ஒன்றுமில்லை. அங்கே ஓட்டையும் இல்லை. கறுப்பு மட்டும் இருந்தது, சுத்தமாக.

இதற்கு என்ன பொருள் என்று மருத்துவர் முந்தைய நாளே சொல்லியிருந்தார். பக்கத்துப் படத்தில் பார்த்தேன். அதற்கு அடுத்ததில் பார்த்தேன். கறுப்பு. என் பின்னால் அம்மாவும் அப்பாவும் நின்றிருந்தார்கள். திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, ஏற்கெனவே ஒட்டியிருந்த டேப்பை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தேன்.

"இன்னா, இருக்குதா?" என்றார் அப்பா.

"பாக்குறேன்பா."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா ஊடை நூல் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அறுந்து தொங்கும் சரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாக்கா, தறியப் பிரிச்சி ஜன்னலுக்குத் தெரை போட்டுக்கினு இருக்கீங்க?"

"பாப்பா காலேஜி வேல" என்றாள் அம்மா, இமைக்காமல்.

"தமிழ் படிக்கிற பொண்ணுக்கு இதுல இன்னா வேல?"

"அத்தயெல்லாம் அவ வாத்தியாரக் கேளு. நூலு கூடையில கீது, எடுத்துக்க."

அக்கா நூலை எடுத்துக்கொண்டு, வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் போகும் வரை மூன்று பேரும் ஜன்னலை மறைத்தபடி நின்றோம். அதன் பிறகு அம்மா என்னைத் தோளால் நகர்த்திவிட்டு முன்னால் வந்தாள். புதிய பிலிமைப் பார்த்தாள். பழைய துண்டைப் பார்த்தாள். கரையில் மயில் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல, கண்ணை இடுக்கி, மூக்கு கண்ணாடியில் படும் தூரத்தில் பார்த்தாள்.

"இந்தக் கொக்கி இங்க எந்தப் பக்கம் வாலு நீட்டுது?"

"வலப் பக்கம்."

"இதுல?"

நான் மூன்றாவது துண்டுக்கு அருகே குனிந்தேன்.

"இடப் பக்கம் நீட்டுது பாரு. என் நெஞ்சு நாலு வருஷத்துல திரும்பிக்கினு ஒக்காந்துடுச்சா? பொறம் மாத்தி ஒட்டிக்கீற. எடுத்துத் திருப்பிப் போடுடி."

பிலிமுக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. எழுத்து இருந்தால் தெரிந்திருக்கும். எழுத்தைச் சீவி எறிந்தவள் நான். அப்பாவுக்கு அன்று ஓட்டைகள் மட்டுமே கணக்கு. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே வைத்துக் கோத்துவிட்டார். ஓர் அட்டை புறம் மாறினால் மயிலின் கழுத்து எதிர்ப்பக்கம் முறியும் என்பதைத் தினமும் பார்க்கிற கண் அம்மாவுக்கு. படத்தின் ஓரத்தில் அளவுக்கோடுகள் ஏணிபோல் அச்சாகியிருந்தன. புதிய பிலிமில் ஒரு பக்கமும் இந்தத் துண்டில் மறுபக்கமும் இருந்ததை என் இத்தனை துல்லியத்தோடும் நான் பார்க்கவில்லை.

டேப்பை உரித்தேன். அவசரத்தில் ஓரம் கொஞ்சம் மடங்கியது. திருப்பி ஒட்டினேன். வளைவு இப்போது புதிய பிலிமைப் போலவே சாய்ந்தது. அதே உயரத்தில் இருந்த படத்தில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன்.

அங்கே ஓட்டை இருந்தது. வட்டமான, சுத்தமான ஓட்டை. அதன் வழியே எதிர்வீட்டுச் சுவரின் மஞ்சள் தெரிந்தது.

அப்பா, "ஐயோ" என்றார். ஓட்டை போட்டது அவர் கை.

"இருங்க" என்றாள் அம்மா. "ஒரு அட்டையிலயா மயிலு முடியுது? அடுத்ததுல பாரு."

அடுத்த படம் சில மில்லிமீட்டர் கீழே வெட்டிய நெஞ்சு. அதிலும் அந்த இடத்தைச் சுற்றி இரண்டு ஓட்டைகள். அவற்றுக்கு நடுவே, ஒரு நூல் இடைவெளி விட்டு, கடுகளவு வெள்ளையாக, அது இருந்தது. ரத்தக் குழாயின் குறுக்குவெட்டோ என்று மேலும் கீழும் இருந்த படங்களில் பார்த்தேன், குழாயானால் தொடர்ந்திருக்கும். இது தொடரவில்லை. அம்மாவிடம் காட்டினேன். அவள் விரல் நகத்தைப் புதிய பிலிமின் புள்ளி மேல் வைத்து, அதே நகத்தைப் பழையதின் மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு தறியருகே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே இருந்தது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைய கடுகும் இன்றைய கடுகும் ஒரே கடுகுதானா என்பது எங்கள் கண்ணால் தீர்மானிக்கக் கூடியதல்ல. இரவுச் சாப்பாட்டின்போது அப்பா மூன்று முறை, "ஒரே மாறிதான் கீது, இல்ல?" என்று கேட்டார். மூன்று முறையும் நான், "டாக்டர் சொல்லணும்பா" என்றேன்.

வியாழக்கிழமை காலையில் துண்டுகளை இரண்டு காலண்டர் அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி எடுத்துப் போனோம். மருத்துவர் கட்டைப் பிரித்து, ஒரு துண்டை உயர்த்திப் பிடித்து, அதன் ஓட்டைகள் வழியாக எங்களைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"மயிலு கழுத்து" என்றாள் அம்மா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஊரடங்கு, மழை, மூடியிருந்த கடை, கை அச்சு. மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, சுவரில் இருந்த விளக்குப் பெட்டியைப் போட்டார். எந்தத் துண்டு, எந்தப் படம் என்று நான் காட்டினேன். வளைவு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதையும் சொன்னேன். "அதை யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

அளவுக்கோட்டின் மேல் கவராயத்தை வைத்தார். புள்ளியின் மேல் வைத்தார். மறுபடி கோட்டின் மேல். கணினியில் புதிய ஸ்கேனைத் திறந்து அதே உயரத்துக்கு உருட்டினார். புள்ளியின் இடத்தில் ஓட்டை விழுந்திருந்த பக்கத்துப் படத்தில் அந்த ஓட்டையின் ஓரத்தையும் பூதக்கண்ணாடியால் ஒரு சுற்று பார்த்தார். சுவர்க்கடிகாரத்துக்கு முள் நகரும் சத்தம் இருக்கிறது என்பதை அந்த அறையில் நான் அதுவரை கவனித்திருக்கவில்லை. அம்மா இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு தெரிந்தது.

"இருமுங்கம்மா, பரவாயில்ல" என்றார் மருத்துவர், திரும்பாமலே. பிறகு கவராயத்தைக் கீழே வைத்தார்.

"இந்தப் பிலிம்ல ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கலாம், அதை என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா இது கெட்டதா இருந்தா நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் படத்துல கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது, இல்லன்னா இதுல பாதி கூட இருந்திருக்காது. இது அப்பவும் கிட்டத்தட்ட இதே அளவுதான். பழைய தழும்பாவோ, வளராத கட்டியாவோ இருக்கலாம். ஸ்கேன் படிக்கிற டாக்டருக்கு ரெண்டையும் அனுப்பி அவர் வாயாலயும் கேட்டுக்கிறேன். அவரும் ஒத்துக்கிட்டா திங்கக்கிழமை ஊசி வேணாம்."

"அப்போ இருமலு?"

"அது வேற. மூச்சுக்குழாய்ல சளி. மருந்து எழுதறேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன், அதுக்கப்புறம் ஒரு வருஷத்துல ஒண்ணு. அதுலயும் அசையாம இருந்தா இதை நாம மறந்துடலாம். அது வரைக்கும் மறக்கக் கூடாது." விளக்குப் பெட்டியில் இருந்த துண்டுகளைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து நீட்டினார். "இதை இனிமே யாரும் வெட்ட வேணாம்."

சாயங்காலம் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். ஸ்கேன் படிப்பவரும் அதையே சொல்லியிருந்தார். அம்மா, "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்த பிறகு அப்பாவிடம், "கடையில பதினோரு அட்ட அடிக்கச் சொல்லிட்டு வாங்க. மயிலு கழுத்து இல்லாம நிக்குது" என்றாள். அப்பா சட்டையைக்கூடச் சரியாகப் பொத்தானிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், உள்ளே வந்து தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு ஜன்னலோரமாகத் துண்டுகளைப் பரப்பினேன். புதிய பிலிமோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றின் முன்பக்கத்தையும் உறுதிசெய்து, மூலையில் அழியாத மையால் அம்மாவின் பெயரை எழுதினேன். நான் சீவி எறிந்த இடம் அதுதான். தோளிலிருந்து கீழாக வரிசைப்படுத்தி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணிட்டேன். கிழிந்துபோன துண்டின் எண்ணை அதற்கே விட்டுவைத்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அட்டை கோக்கும் கயிற்றில் ஒரு முழம் அறுத்துக் கொடுத்தாள்.

"கோத்து வெச்சுடு. ஆறு மாசத்துல தேடிக்கினு நிக்கக் கூடாது."

அப்பா போட்ட ஓட்டைகளிலேயே கயிற்றை நுழைத்துக் கோத்தேன். இரு முனையிலும் முடிச்சுப் போட்டேன். அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்து, கொக்கி எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்த்த பிறகுதான் பீரோவுக்குள் வைத்தாள்.